போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே மெஷின் லேர்னிங்: முதல் மாடல் கட்டுவது எப்படி

டேட்டாபேஸிலிருந்து சிஎஸ்வி கோப்பாக இறக்குவது, மடிக்கணினியில் பைதான் நோட்புக்கைத் திறந்து மாடல் (பழைய பதிவுகளிலிருந்து கற்றுக் கணிப்பு சொல்வது) கட்டுவது, வந்த விடையை மறுபடி டேட்டாபேஸில் ஏற்றுவது. பெரும்பாலோர் தொடங்குவது இப்படித்தான். இறக்கிய மறுநாளே அந்தக் கோப்பு பழசாகிவிடும். வாடிக்கையாளரின் கைபேசி எண்ணும் முகவரியும் யார் யார் மடிக்கணினியிலோ கிடக்கும். மாடல் நன்றாக வந்தாலும் அதை நாள்தோறும் ஓட்ட யாராவது உட்கார்ந்து ஏற்றி இறக்க வேண்டும்.

தரவு இருக்கும் இடத்திலேயே மாடலை ஓட்டினால் இந்தத் தொல்லைகள் குறையும். வேறு சில தொல்லைகள் வரும், அவற்றையும் பார்ப்போம். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் 2016 பதிப்பில் ஆர் மொழியையும் 2017 பதிப்பில் பைதானையும் உள்ளே கொண்டுவந்தது. கூகுளின் பிக்குவெரியில் ‘கிரியேட் மாடல்’ என்று எழுதினாலே போதும். இங்கே எடுத்துக்கொள்வது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ்: இலவசம், ஒரு சாதாரண கணினியிலேயே முழுவதையும் செய்து பார்க்கலாம். உபுண்டு 24.04, அதனுடன் வரும் போஸ்ட்கிரெஸ் 16 என்று வைத்துக்கொள்கிறோம்.

எடுத்துக்காட்டு: மாதச் சந்தாவில் இணைய இணைப்பு தரும் ஒரு நிறுவனம். மூன்று டேபிள்கள்: வாடிக்கையாளர், கட்டணம், புகார். கேள்வி ஒன்றே: அடுத்த 30 நாளில் இணைப்பைத் துண்டிக்கப் போகிறவர் யார்?

படங்களை அடையாளம் காண்பது, ஜிபியு தேவைப்படும் பெரிய நியூரல் நெட்வொர்க் ஆகியவற்றுக்கு இந்த வழி பொருந்தாது. டேபிளில் அடங்கும் எண்கள், சில லட்சம் பதிவுகள், நாளுக்கு ஒருமுறை கணிப்பு என்ற அளவுக்குத்தான் இது கச்சிதம்.

பைதானைத் தொடும் முன் எஸ்கியூஎல்லில்

போஸ்ட்கிரெஸ் எதையும் கூடுதலாக நிறுவாமலேயே நிறையக் கணக்குப் போடும். சராசரிக்கு ‘ஏவிஜி’, சிதறலுக்கு ‘எஸ்டிடிடெவ்’, நடுமதிப்புக்கு ‘பெர்சன்டைல்_கான்ட்’, இரண்டு புலங்களுக்கு இடையிலான தொடர்புக்கு ‘கார்’. நேர்கோட்டுப் பொருத்தத்துக்கு ‘ரெகர்_ஸ்லோப்’, ‘ரெகர்_இன்டர்செப்ட்’, ‘ரெகர்_ஆர்2’. கடைசி மூன்றிலும் முதலில் தரவேண்டியது கணிக்கப்படும் எண், அதாவது ஒய். இரண்டாவதுதான் எக்ஸ். மாற்றிக் கொடுத்தால் பிழைச்செய்தி வராது, தவறான சாய்வு வரும். ‘கார்’ ஃபங்ஷனில் வரிசை மாறினாலும் விடை மாறாது என்பதால் பலர் இங்கேயும் அதே நினைப்பில் சறுக்குகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது முழு எண் வகுத்தல். 3 புகாரை 10 மாதத்தால் வகுத்தால் போஸ்ட்கிரெஸ் தரும் விடை 0. இரண்டும் முழு எண் என்றால் விடையும் முழு எண்ணாகத்தான் வரும். ‘மாதத்துக்கு எத்தனை புகார்’ என்ற நல்ல புலம் முழுக்கப் பூஜ்யமாகி, மாடலுக்குப் பயனில்லாமல் போய்விடும், யாருக்கும் தெரியாது. வகுக்கும் முன் ஒரு பக்கத்தை ‘டபுள் பிரிசிஷன்’ வகைக்கு மாற்றுங்கள். வகுக்கும் எண் பூஜ்யமாக வரக்கூடும் என்றால் அதை ‘நல்இஃப்’ ஃபங்ஷனுக்குள் வையுங்கள். இல்லையென்றால் ஒரே ஒரு புதிய வாடிக்கையாளரால் மொத்தக் குவெரியும் நின்றுவிடும்.

நிறுவுதல்

1. ‘ஆப்ட்’ மூலம் ‘போஸ்ட்கிரெஸ்கியூஎல்-பிஎல்பைதான்3-16’ தொகுப்பை நிறுவுங்கள். கடைசி எண் உங்கள் சர்வரின் பதிப்பு எண்ணாகவே இருக்க வேண்டும். 15 ஓடும் இடத்தில் 16க்கான தொகுப்பு பயன்படாது.

2. அதே ‘ஆப்ட்’ வழியாக ‘பைதான்3-எஸ்கேலேர்ன்’ (மெஷின் லேர்னிங் நூலகமான சைக்கிட்-லேர்ன்), ‘பைதான்3-பாண்டாஸ்’ (டேபிள்களைக் கையாளும் நூலகம்) இரண்டையும் நிறுவுங்கள். எண் அணிகளைக் கையாளும் நம்பை தானாக வந்துவிடும்.

3. சூப்பர்யூசராக உள்நுழைந்து, ‘கிரியேட் எக்ஸ்டென்ஷன்’ கட்டளையை ‘பிஎல்பைதான்3யூ’ என்ற பெயருடன் ஓட்டுங்கள். இது அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும்தான். அதே சர்வரில் இன்னொரு டேட்டாபேஸ் இருந்தால் அங்கே தனியாக ஓட்ட வேண்டும்.

4. பைதானின் பதிப்பையும் சைக்கிட்-லேர்னின் பதிப்பையும் எழுத்தாகத் திருப்பித்தரும் மூன்று வரி ஃபங்ஷன் ஒன்றை எழுதி ஓட்டிப் பாருங்கள். இரண்டும் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

‘மாட்யூல் இல்லை’ என்ற பிழை வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். போஸ்ட்கிரெஸ் ஓடுவது ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற தனிப் பயனரின் பெயரில், இயங்குதளத்தின் பைதானுடன். உங்கள் பெயரில் நீங்கள் ‘பிப்’ மூலம் நிறுவியதும், வர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் வைத்திருப்பதும் அதன் கண்ணில் படாது. ‘பிப்’ கொண்டு இயங்குதளத்தின் பைதானிலேயே நிறுவப் போனால் உபுண்டு 24.04 ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்று சொல்லி மறுத்துவிடும். கட்டாயப்படுத்தி நிறுவ ஒரு விசை உண்டு, அதைத் தொடாதீர்கள். புதிய பதிப்பு சைக்கிட்-லேர்ன் வேண்டுமென்றால், எல்லாப் பயனரும் படிக்கக்கூடிய இடத்தில் அதே பைதான் பதிப்பில் ஒரு வர்ச்சுவல் என்விரான்மென்ட் கட்டுங்கள். ‘இடிசி’ கோப்புறைக்குள் போஸ்ட்கிரெஸ் 16க்கான ‘மெயின்’ கோப்புறையில் ‘என்விரான்மென்ட்’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் ‘பைதான்பாத்’ என்ற மாறியில் அந்த இடத்தைக் குறிப்பிட்டு சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பெயரின் கடைசியில் உள்ள ‘யூ’வைக் கவனித்தீர்களா? ‘அன்டிரஸ்டட்’, அதாவது கட்டுப்பாடு இல்லாதது என்பதன் குறி அது. இந்த மொழியில் எழுதிய ஃபங்ஷன், போஸ்ட்கிரெஸ் பயனர் தொடக்கூடிய எந்தக் கோப்பையும் தொடலாம், அழிக்கலாம். அதனால்தான் சூப்பர்யூசர் மட்டுமே இதில் ஃபங்ஷன் உருவாக்க முடியும். ஆனால் உருவாக்கிய பிறகு அதை ஓட்டும் உரிமை இயல்பாகவே எல்லோருக்கும் போய்விடுகிறது. ஒவ்வொரு ஃபங்ஷனை உருவாக்கியதும் ‘பப்ளிக்’கிடமிருந்து அந்த உரிமையை ‘ரிவோக்’ செய்து, தேவையான ஒரு ரோலுக்கு மட்டும் கொடுங்கள். இதே காரணத்தால் அமேசான் ஆர்டிஎஸ் போன்ற நிர்வகிக்கப்படும் சேவைகளில் இந்த எக்ஸ்டென்ஷன் கிடைக்காது. அங்கே இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு, பின்னால் வருகிறது.

பயிற்சி டேபிள்: வேலையின் பெரும்பகுதி இங்கேதான்

அல்காரிதத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் போதும். பயிற்சி டேபிளைச் சரியாகக் கட்ட ஒரு வாரம் கொடுங்கள்.

முதலில் ஒரு வெட்டு நாளை முடிவு செய்யுங்கள். 2025 மார்ச் 1 என்று வைப்போம். அன்று காலை இணைப்பு உயிரோடு இருந்த வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு. கணிக்க உதவும் புலங்கள் எல்லாம் மார்ச் 1க்கு முந்தைய தகவலிலிருந்து மட்டும். விடைப்புலம், அதாவது துண்டித்தாரா இல்லையா என்பது, மார்ச் 1 முதல் 30 வரை நடந்ததிலிருந்து.

கேட்கும்போது எளிதாகத் தெரியும். டேட்டாபேஸுக்குள் செய்யும்போது வழுக்கும், ஏனென்றால் டேபிள்கள் இன்றைய நிலையைத்தான் காட்டுகின்றன. வாடிக்கையாளர் டேபிளில் ‘திட்டம்’ என்று ஒரு புலம் இருக்கும். துண்டித்தவரை ஊழியர்கள் ஏதாவது ஒரு பூஜ்யக் கட்டணத் திட்டத்துக்கு மாற்றியிருப்பார்கள். அந்தப் புலத்தை மாடலுக்குக் கொடுத்தால் அது விடையையே பார்த்து எழுதும். ‘கடைசியாகத் திருத்திய நேரம்’, ‘கணக்கு நிலை’, ‘கணக்கு முடித்த காரணம்’ எல்லாம் இதே ரகம். மேலெழுதப்படும் எந்தப் புலத்தையும் சந்தேகப்படுங்கள். தேதியுடன் புதிய பதிவாகச் சேரும் கட்டணம், புகார் போன்ற டேபிள்களை நம்பலாம், அவற்றிலும் வெட்டு நாளுக்கு முந்தையவை என்ற நிபந்தனையை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுத வேண்டும்.

அடுத்த குழி ஜாயின். ஒருவருக்கு 12 கட்டணப் பதிவு, 3 புகார். மூன்று டேபிளையும் ஒரே குவெரியில் இணைத்துக் கூட்டினால் அவருக்கு 36 பதிவுகள் உருவாகும். கட்டணத் தொகை 3 மடங்காகும், புகார் எண்ணிக்கை 36 என்று வரும். புகாரே செய்யாதவரின் எண்கள் மட்டும் சரியாக இருக்கும். அதனால் மேலோட்டமாகச் சரிபார்த்தால் பிடிபடாது. கட்டணத்தை வாடிக்கையாளர் வாரியாகத் தனியே சுருக்குங்கள், புகாரையும் தனியே சுருக்குங்கள், பிறகு இரண்டையும் வாடிக்கையாளர் டேபிளுடன் ‘லெஃப்ட் ஜாயின்’ செய்யுங்கள். புகாரே இல்லாதவருக்கு வரும் வெற்று மதிப்பை (‘நல்’) ‘கோவலெஸ்’ கொண்டு 0 ஆக்குங்கள். உண்மையிலேயே தெரியாத மதிப்பை, உதாரணமாக வயதை, 0 ஆக்கக் கூடாது. நடுமதிப்பை இட்டு, ‘வயது தெரியாது’ என்று இன்னொரு புலம் சேர்ப்பது மேல். சைக்கிட்-லேர்னின் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (ஆம், இல்லை என்ற விடைக்கு நிகழ்தகவு சொல்லும் மாடல்) வெற்று மதிப்பை ஏற்காது, பிழை சொல்லி நின்றுவிடும்.

எண் புலங்களை எல்லாம் இங்கேயே ‘டபுள் பிரிசிஷன்’ ஆக்கிவிடுங்கள். பணத்துக்குப் பயன்படும் ‘நியூமெரிக்’ வகை, பைதானுக்குள் போகும்போது ‘டெசிமல்’ ஆகிறது. பாண்டாஸ் அதை எண்ணாகக் கருதாமல் ‘ஆப்ஜெக்ட்’ என்று வைத்துக்கொள்ளும், எல்லாம் ஆமை வேகத்தில் நடக்கும்.

இந்தக் குவெரியை வியூவாக வைக்காதீர்கள். ‘கிரியேட் டேபிள் அஸ்’ கொண்டு டேபிளாக உறையவைத்து, வெட்டு நாளையும் ஒரு புலமாக வையுங்கள். வியூவாக இருந்தால் நேற்றைய மாடல் எந்தத் தரவில் பயின்றது என்பதை நாளை யாராலும் சொல்ல முடியாது.

பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பது

‘ரேண்டம்’ ஃபங்ஷனால் பிரித்தால் ஒவ்வொரு முறையும் வேறு பிரிவு வரும். ‘செட்சீட்’ கொடுத்தாலும் பதிவுகள் வரும் வரிசை மாறினால் பிரிவும் மாறும். நிலையான வழி இது: வாடிக்கையாளர் எண்ணை எழுத்தாக மாற்றி ‘எம்டி5’ (எதையும் நிலையான ஒரு குறியாக மாற்றும் ஃபங்ஷன்) எடுங்கள். அதன் கடைசி எழுத்து டி, இ, எஃப் மூன்றில் ஒன்றாக இருந்தால் சோதனைக்கு, மற்றவை பயிற்சிக்கு. 16 எழுத்தில் 3 என்பதால் ஏறத்தாழ 19 சதவீதம் சோதனைக்குப் போகும். எந்தக் கணினியில், எந்த நாளில் ஓட்டினாலும் ஒரே வாடிக்கையாளர் ஒரே பக்கம்தான் இருப்பார்.

இன்னும் நேர்மையான சோதனை காலத்தால் பிரிப்பது. ஜனவரி 1 வெட்டு நாளில் பயிற்சி, மார்ச் 1 வெட்டு நாளில் சோதனை. மாடல் நாளை சந்திக்கப் போவதும் பின்னால் வரும் மாதத்தைத்தானே. இரண்டையும் செய்ய நேரமிருந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

பதிவுகள் மிக அதிகம் என்றால் துண்டித்தவர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, தொடர்ந்தவர்களில் 10ல் ஒருவரை மட்டும் எடுக்கலாம். அப்படிச் செய்தால் மாடல் சொல்லும் நிகழ்தகவு உண்மையைவிட அதிகமாக இருக்கும். லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் இதைச் சரிசெய்ய இன்டர்செப்ட்டிலிருந்து (சூத்திரத்தின் மாறிலி) 2.303ஐக் கழித்தால் போதும், அது 10இன் இயற்கை மடக்கை. ‘டேபிள்சாம்பிள் சிஸ்டம்’ கொண்டு மாதிரி எடுக்காதீர்கள். அது பதிவு பதிவாக எடுக்காமல் வட்டின் பக்கம் பக்கமாக எடுப்பதால், ஒரே நாளில் சேர்ந்தவர்கள் கொத்தாக வருவார்கள்.

பயிற்சி ஃபங்ஷன்

‘பிஎல்பைதான்3யூ’ மொழியில் ஒரு ஃபங்ஷன். உள்ளீடு: வெட்டு நாள், மாடலின் பெயர். உள்ளே டேபிளைப் படிக்க ‘பிஎல்பை’ என்ற பொருள் தயாராக இருக்கும், எதையும் இம்போர்ட் செய்ய வேண்டாம். வெளியிலிருந்து இணைவதுபோல் ‘சைகோபிஜி’ கொண்டு புதிய இணைப்பு திறப்பவர்கள் உண்டு. அது வேறு டிரான்ஸாக்‌ஷன், நீங்கள் இன்னும் ‘கமிட்’ செய்யாத எதுவும் அதற்குத் தெரியாது.

‘பிஎல்பை.எக்ஸிக்யூட்’ முழு விடையையும் ஒரே மூச்சில் மெமரியில் ஏற்றும், ஒவ்வொரு பதிவையும் ஒரு பைதான் டிக்‌ஷனரியாக்கி. 20 எண் புலம், 10 லட்சம் பதிவு என்று வைத்துக்கொண்டால், நம்பை அணியில் இதற்குத் தேவை 160 எம்பி. டிக்‌ஷனரிகளாக 1 ஜிபியைத் தாண்டிவிடும். ‘பிஎல்பை.கர்சர்’ திறந்து 10,000 பதிவாக எடுத்து, ஒவ்வொரு கட்டையும் உடனே நம்பை அணியாக்கிச் சேருங்கள்.

மெமரியைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்றால், போஸ்ட்கிரெஸின் ‘வொர்க்_மெம்’ வரம்பு பைதானைக் கட்டுப்படுத்தாது. உங்கள் ஃபங்ஷன் கணினியின் மெமரியைத் தின்றுவிட்டால் லினக்ஸ் அந்தப் பிராசஸைக் கொல்லும். ஒரு பிராசஸ் அப்படிச் செத்தால், பகிர்ந்த மெமரி கெட்டிருக்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து, மீட்புப் பணியை ஓட்டிவிட்டுத்தான் மறுபடி எழும். உங்கள் சோதனை மாடலால் கட்டணக் கவுண்டர் நிற்கும். ஒரே அடுப்பில் கல்யாணச் சமையலும் வீட்டுச் சமையலும் நடக்கிற மாதிரிதான் இது, எது பொங்கினாலும் இரண்டும் அணையும்.

ஆகவே பயிற்சியை நேரலை சர்வரில் செய்யாதீர்கள். பேக்கப்பிலிருந்து மீட்ட ஒரு நகல் சர்வரில் செய்யுங்கள். ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா (நேரலை சர்வரை உடனுக்குடன் பின்தொடரும் நகல்) இருக்கிறதே என்று அதில் செய்யப் பார்த்தால், அங்கே எதையும் எழுத முடியாது, மாடலைச் சேமிக்க வழியில்லை. நீண்ட குவெரிகளையும் அது பாதியில் ரத்து செய்துவிடலாம்.

நேரலையில்தான் செய்தாக வேண்டும் என்றால் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே பைதானின் ‘ரிசோர்ஸ்’ மாட்யூல் கொண்டு முகவரி வெளிக்கு (பிராசஸ் எடுத்துக்கொள்ளும் மொத்த மெமரி இடம்) வரம்பு வையுங்கள். மெமரி தீர்ந்தால் பிராசஸ் கொல்லப்படுவதற்குப் பதில் பெரும்பாலும் பைதான் பிழையாக முடியும். வரம்பைக் கணக்கிடும்போது ‘ஷேர்டு_பஃபர்ஸ்’ அளவும் அதில் சேரும் என்பதை மறக்கக் கூடாது. 4 ஜிபி ஷேர்டு பஃபர்ஸ் உள்ள இடத்தில் 2 ஜிபி வரம்பு வைத்தால் ஒரு வரியும் ஓடாது. எத்தனை சிபியு கோரில் ஓடுவது என்று சொல்லும் ‘என்_ஜாப்ஸ்’ அமைப்பை 1 ஆக வையுங்கள், எல்லாவற்றையும் எடுக்கும் -1 வேண்டவே வேண்டாம். ‘ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்’ இருக்கிறதே என்றும் நிம்மதியாக இருக்காதீர்கள். சைக்கிட்-லேர்னின் உள் சுழற்சி முடியும்வரை ரத்துக் கட்டளை அதன் காதில் விழாது.

முதல் மாடலாக லாஜிஸ்டிக் ரிக்ரெஷனையே எடுங்கள். ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்த மாடல்) கொஞ்சம் நன்றாகவே கணிக்கலாம். ஆனால் எங்கே தவறுகிறது என்பது எளிதில் தெரியாது, அளவும் பெரிது.

சேமிப்பது

மாடலுக்கென ஒரு டேபிள்: பெயர், பதிப்பு எண், பயின்ற நேரம், வெட்டு நாள், சைக்கிட்-லேர்ன் பதிப்பு, புலங்களின் பெயர்கள் வரிசையோடு, மாடல். மாடலைப் ‘பிக்கிள்’ செய்து, அதாவது பைட்டுகளாக மாற்றி, ‘பைட்டியா’ வகைப் புலத்தில் வைக்கலாம். ஒரு மதிப்பின் உச்சவரம்பு 1 ஜிபி. ஆழ வரம்பு இல்லாத நூற்றுக்கணக்கான மரங்கள் கொண்ட ஃபாரஸ்ட் அதை நெருங்க முடியும்.

புலங்களின் வரிசையை எழுதிவைப்பது ஒப்புக்குச் செய்யும் வேலை அல்ல. நம்பை அணியில் பெயர்கள் கிடையாது. கட்டணமும் புகார் எண்ணிக்கையும் இடம் மாறினால் மாடல் வாய் திறக்காமல் தப்பான விடை தரும்.

பிக்கிளைத் திறப்பது என்றால் அதற்குள் இருக்கும் கட்டளைகளை ஓட்டுவது. மாடல் டேபிளில் எழுதும் உரிமை உள்ள எவரும் சர்வரில் எதையும் ஓட்டலாம் என்று பொருள். அந்த உரிமையைப் பயிற்சி ரோலுக்கு மட்டும் கொடுங்கள்.

லாஜிஸ்டிக் ரிக்ரெஷனுக்குப் பிக்கிளே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. புலத்தின் பெயர், கெழு (அந்தப் புலத்தைப் பெருக்கும் எண்) என்று இரண்டே புலமுள்ள சின்ன டேபிள் போதும். பயிற்சிக்கு முன் ‘ஸ்டாண்டர்டுஸ்கேலர்’ பயன்படுத்தியிருந்தால் ஒவ்வொரு கெழுவையும் அந்தப் புலத்தின் திட்டவிலக்கத்தால் வகுங்கள். பிறகு, வகுத்த கெழுவைச் சராசரியால் பெருக்கி, எல்லாவற்றின் கூட்டுத்தொகையை இன்டர்செப்ட்டிலிருந்து கழியுங்கள். இனி ஸ்கேலரும் தேவையில்லை.

மதிப்பெண் இடுவது

கெழு டேபிள் இருந்தால் கணிப்பு வெறும் எஸ்கியூஎல்: ஒவ்வொரு புலத்தையும் அதன் கெழுவால் பெருக்கி, இன்டர்செப்ட்டையும் கூட்டினால் இசட். 1ஐ, 1 கூட்டல் ‘எக்ஸ்ப்’ மைனஸ் இசட்டால் வகுத்தால் நிகழ்தகவு. பைதான் தரப்படாத கிளவுட் சேவையில் இருப்பவர்களுக்கான வழி இதுதான். பயிற்சி வேறிடத்தில், கணிப்பு மட்டும் உள்ளே. ஒரே எச்சரிக்கை: போஸ்ட்கிரெஸின் ‘எக்ஸ்ப்’ மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் பிழை சொல்லி நிற்கும். ‘கிரேட்டஸ்ட்’, ‘லீஸ்ட்’ இரண்டையும் கொண்டு இசட்டை -30க்கும் 30க்கும் நடுவே அடக்குங்கள்.

பிக்கிள் மாடல் என்றால் பதிவுக்கு ஒருமுறை ஃபங்ஷனை அழைப்பது முதல் தவறு. அழைக்கும் ஒவ்வொரு முறையும் மாடலைத் திறப்பது இரண்டாவது தவறு. புலங்களை ‘அரே_ஏஜிஜி’ கொண்டு அணிகளாக்கி, சில ஆயிரம் பதிவை ஒரே அழைப்பில் கொடுங்கள். திறந்த மாடலை ‘ஜிடி’ என்ற டிக்‌ஷனரியில் வையுங்கள், அந்த இணைப்பு இருக்கும்வரை அது இருக்கும். கனெக்‌ஷன் பூலர் (திறந்த இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து தரும் மென்பொருள்) பயன்படுத்தும் இடத்தில் அந்த இணைப்பு நாள்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், மாடலின் பதிப்பு எண்ணையும் சேர்த்தே சாவியாக்குங்கள். இல்லையென்றால் புதிய மாடல் வந்த பிறகும் சில இணைப்புகள் பழையதையே பாடிக்கொண்டிருக்கும். ஃபங்ஷனை ‘ஸ்டேபிள்’ என்று குறியுங்கள், ‘இம்மியூட்டபிள்’ என்று அல்ல. டிரிக்கரில் இணைக்கும் ஆசையை அடக்குங்கள், கட்டணம் செலுத்தும் டிரான்ஸாக்‌ஷன் மாடலுக்காகக் காத்திருக்கும். இரவில் ‘கிரான்’ வழியே ஓட்டி, வாடிக்கையாளர் எண், தேதி, மாடல் பதிப்பு, மதிப்பெண் என்று தனி டேபிளில் சேருங்கள்.

சரியாக இருக்கிறதா?

மாதம் 5 சதவீதம் பேர் துண்டிக்கிறார்கள் என்றால், ‘யாரும் துண்டிக்க மாட்டார்கள்’ என்று சொல்லும் மாடல் 95 சதவீதம் சரி. அந்த எண்ணைப் பார்க்காதீர்கள். சோதனைப் பதிவுகளை மதிப்பெண்ணின் இறங்குவரிசையில் ‘என்டைல்’ கொண்டு 10 சம பங்காக்கி, ஒவ்வொரு பங்கிலும் உண்மையில் துண்டித்தவர் சதவீதத்தைப் போடுங்கள். முதல் பங்கு உச்சத்திலும் கடைசிப் பங்கு அடியிலும் இருந்து, நடுவில் ஒழுங்காக இறங்கினால் மாடல் வேலை செய்கிறது. முதல் பங்கில் 90 சதவீதம், மற்றவற்றில் ஏறக்குறைய எதுவுமில்லை என்று வந்தால் கொண்டாட வேண்டாம். வெட்டு நாளுக்குப் பிந்தைய தகவல் ஏதோ ஒரு புலத்தில் ஒழுகியிருக்கிறது, பயிற்சி டேபிளுக்குத் திரும்பிப் போங்கள்.

நேரலைக்குப் போன பின்பும் இதே குவெரியை, மதிப்பெண் டேபிளில் 30 நாள் கடந்துவிட்ட பதிவுகள்மீது மாதாமாதம் ஓட்டுங்கள். 10 பங்குகளும் இறங்கும் அந்தப் படிக்கட்டு தட்டையானால் மறுபடி பயிற்சி கொடுக்கும் நேரம் வந்துவிட்டது.

பதிப்பு உயர்த்தும்போது

போஸ்ட்கிரெஸை 16இலிருந்து 17க்கு ‘பிஜி_அப்கிரேட்’ மூலம் மாற்றினால், 17க்கான பிஎல்பைதான் தொகுப்பு முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நூலகம் காணவில்லை என்று சோதனைக் கட்டத்திலேயே நின்றுவிடும். இயங்குதளத்தை உயர்த்தினால் பைதானும் சைக்கிட்-லேர்னும் சேர்ந்தே மாறும். பழைய பிக்கிள்கள் சில திறக்காது, சில எச்சரிக்கையோடு திறந்து வேறு விடை தரலாம். டேபிளில் எழுதிவைத்த பதிப்பு எண்ணை ஃபங்ஷனே ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் ‘பிஎல்பை.எரர்’ கொடுத்து நிற்கும்படி எழுதுங்கள். உறையவைத்த பயிற்சி டேபிள் கையில் இருப்பதால் புதிய பதிப்பில் மறுபடி பயிற்சி கொடுப்பது ஒரே கட்டளைதான். கெழு டேபிளில் மாடலை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிக்கிள் தொல்லை எதுவும் இல்லை.